ஊருக்குள்ளயே காய்கறி, கீரை, முட்டை கட்டுப்படியான விலைக்கு கிடைக்கணுமா? கரிசக்காட்டுல நாங்க செஞ்ச வழி

எங்க ஊரு கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவுல கரிசக்காட்டுல இருக்கு. எந்தப் பக்கம் பாத்தாலும் வெள்ளாமைதான், ஆனா ஒரு கட்டு கீரை வாங்கணும்னா பஸ் ஏறணும். வெளியூர்க்காரங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க. புரட்டாசியில மக்காச்சோளம் ஊனுவோம், தையில கதிர் அடிச்சு வியாபாரி லாரியில ஏத்திட்டு போயிருவாரு, அது நாமக்கல் பக்கம் கோழித் தீவனமாகி, பெறவு முட்டையா திரும்பி வந்து எங்க ஊரு பெட்டிக்கடை அட்டையில உக்காந்திருக்கும். முந்தி இதே காட்டுல கம்பும் சோளமும் குதிரைவாலியும் போட்டாங்க, போட்டதை தின்னாங்க. இப்போ வெளையுறது ஒண்ணு, திங்கிறது ஒண்ணு.

நான் எங்க ஊரு மகளிர் குழுவுல கணக்கு நோட்டு எழுதுறவ, டயட்டீசியன் கிடையாது. வீடு வீடா சுகர், பிரஷர் பாக்க வர்ற மக்களைத் தேடி மருத்துவம் அக்கா ஒரு நாள் எங்க திண்ணையில உக்காந்து தண்ணி குடிச்சிட்டே, "காய்கறி சேத்துக்கோங்க, கீரை சேத்துக்கோங்கன்னு எல்லார் வீட்டுலயும் சொல்லிட்டு வாரேன், இந்த ஊர்ல அது எங்க விக்குதுன்னு மட்டும் எனக்கு சொல்லு"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல. அதுல இருந்து ஆரம்பிச்சதுதான் இது, ரெண்டரை வருசம் ஆச்சு. பக்கத்து ஊருக்காரங்க எப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிருதேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிருதேன். இந்த மாதிரி வேலைன்னாலே எல்லாரும் விதை பாக்கெட்டுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. வீட்டுத்தோட்டம் போடுவோம், ஆளுக்கு அஞ்சு விதை, ஒரு போட்டோ. ரெண்டு மாசத்துல ஆடு தின்னு முடிச்சிரும், பெறவு அடுத்து எதைச் சொன்னாலும் ஊரு சிரிக்கும். தோட்டம் வேண்டாம்னு சொல்லலை, அது நாலாவது அஞ்சாவதா வரணும். மொதல்ல நோட்டு.

நோட்டு எழுதுறது

ஒரு நாப்பது வீடு எடுத்துக்கோங்க, எல்லாத் தெருவுலயும் கலந்து. ஒரு வாரம், என்ன வாங்குனாங்க, எங்க வாங்குனாங்க, என்ன விலை, யாரு போயி வாங்குனது, இது நாலும் போதும். "என்ன சாப்பிட்டீங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. அது மானப் பிரச்சினை, கஞ்சி குடிச்சவங்களும் சாம்பாருன்னுதான் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் சொல்லுவேன். "நேத்து கடையில என்ன வாங்குனீங்க மதினி"ன்னு கேட்டா சரியா வரும், ஏன்னா விலை ஏறிப்போச்சுன்னு பொலம்புறதுக்கு எல்லாருக்கும் ஆசைதான், அந்தப் பொலம்பல்லயே கணக்கு பூராம் வந்துரும்.

எங்களுக்கு வந்த கணக்குல பாதி வீட்டுக்கு மேல அந்த வாரம் பூராம் வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு இது மூணு தவிர வேற காயே வாங்கல. வாங்குன தக்காளியும் டவுனு விலைக்கு மேல கிலோவுக்கு பத்து ரூவா கூட. டவுனுக்கு போயி வாங்கலாமேன்னா, 2021-ல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது, அது உண்மைதான், ஆனா எங்க ஊருக்கு பஸ்ஸு காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. காலையில போனா சாயங்காலந்தான் திரும்பணும். ஒரு நாள் வேலை போச்சு. அப்போ அந்த ஒரு பை காய்கறிக்கு உண்மையான விலை காய் விலையும் ஒரு நாள் கூலியும். இதை நோட்டுல எழுதிக் காட்டினப்போதான் குழுவுல இருந்த பாதிப் பேரு நிமிந்து உக்காந்தாங்க.

ஏற்கனவே நமக்கு உள்ளதை வாங்குறது

புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, சேர வேண்டியது சேருதான்னு பாருங்க. அரிசி கார்டுக்கு அரிசி விலையில்லாம, துவரம்பருப்பு கிலோ 30 ரூவா, பாமாயில் 25 ரூவா. வெளிய பருப்பு நூறுக்கு மேல. இருந்தும் எங்க நாப்பது வீட்டுல ஒம்பது வீடு அந்த மாசம் பருப்பு வாங்கல. ஏன்னா போன அன்னைக்கு ஸ்டாக் இல்ல, திரும்பப் போகல. ஸ்டாக் வந்த அன்னைக்கு ஊரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போட ஒரு பொண்ணுகிட்ட சொல்லி வச்சோம், அவ்வளவுதான், அடுத்த மாசம் ஒம்பது ரெண்டாச்சு. வாங்காத சாமானுக்கு வாங்குன மாதிரி போன்ல மெசேஜ் வந்தா அப்படியே விடாதீங்க, 1967-க்கு அடிங்க, இல்லன்னா மாசம் ரெண்டாவது சனிக்கிழமை தாலுகாவுல நடக்குற ரேஷன் குறைதீர் முகாம்ல மனு குடுங்க. சண்டை போட வேண்டாம், மெசேஜை காட்டினாலே போதும்.

கைரேகை விழாத பெரியவங்க இருப்பாங்க, காட்டு வேலை செஞ்ச கையில ரேகை எங்க இருக்கும். அவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் வாங்குறதுக்கு அங்கீகாரப் படிவம் இருக்கு, கடையிலயே கேக்கலாம். வயசான பெரியவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்குற தாயுமானவர் திட்டத்தை 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க, உங்க ஊர்ல பேரு விட்டுப்போச்சான்னு விசாரிங்க. நீலகிரி, தர்மபுரி பக்கம் உள்ளவங்களுக்கு 2023-ல இருந்து 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி வாங்குற வசதி உண்டு, எங்களுக்கு இல்ல, அதுல கொஞ்சம் பொறாமைதான்.

அங்கன்வாடியில குடுக்குற சத்துமாவைப் பத்தி உண்மையைப் பேசுவோம். எங்க ஊர்ல அது பாதி ஆட்டுக்குப் போச்சு. புள்ளைக திங்கல, கர்ப்பிணிப் புள்ளைகளுக்கு வாடை புடிக்கல. மாவுல கோளாறு இல்ல, கூழா காச்சி குடிக்கச் சொன்னதுதான் கோளாறு. அதுல ஏற்கனவே வெல்லம் இருக்கு, லேசா வறுத்து, தேங்காய்ப்பூ போட்டு, வெந்நி தெளிச்சு கொழுக்கட்டையா அவிச்சா எங்க வீட்டு பெரிய புள்ளையே வந்து எடுத்துத் திங்கான். அங்கன்வாடி வாசல்லயே ஒரு நாள் செஞ்சு காட்டினோம், அதுக்கப்புறம் ஆட்டுக்குப் போறது கொறைஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துல வாரம் அஞ்சு நாளும் முட்டை, அரசு தொடக்கப்பள்ளின்னா காலைச் சாப்பாடும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்க அம்மாமாரு மாசம் ரெண்டு தடவை போயி சாப்பிட்டுப் பாத்தா போதும், சமைக்கிற அக்காவுக்கே அது சந்தோசம். (வேன் ஏறி டவுனு ஸ்கூலுக்கு போற புள்ளைகளுக்குத்தான் காலையில ஒண்ணும் கிடையாது, காசு கட்டி பட்டினி.)

சேந்து வாங்குறது

இதுதான் முக்கியம், இதுல கொஞ்சம் நிதானமா படிங்க.

ஊருக்கு மொத்தமா டவுன் மார்க்கெட்டுல வாங்கிட்டு வந்து பிரிச்சுக்குவோம்னு முடிவு பண்ணோம். மொத வாரம் நாங்க எந்த வீட்டுக்கு என்ன வேணும்னு பட்டியல் எடுக்காம, ஆசையில, மூணு பெட்டி தக்காளி எடுத்துட்டு வந்தோம். பெட்டிக்கு 14 கிலோ, மொத்தம் 42. சனிக்கிழமை மழை புடிச்சிருச்சு, ஒரு ஆளு வெளிய வரல, ஞாயித்துக்கிழமை பாத்தா அடிப்பெட்டியில தண்ணி ஒழுகுது. பதினோரு கிலோ குப்பைக்கு. எங்க சித்தி வந்து எட்டிப் பாத்துட்டு, "ஏட்டி, ஊருக்கே ரசம் வச்சு ஊத்திருவமா"ன்னு கேட்டுட்டு போனா. அதுக்குப் பெறவு பட்டியல் இல்லாம ஒரு கிலோ எடுக்குறது இல்ல.

இப்போ முறை இப்படி. வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு பட்டியல் குளோஸ். வாட்ஸ்அப்ல சொல்லுறவங்க சொல்லுவாங்க, போன் இல்லாத வீட்டுக்கு ஒரு ஆளு நடந்து போயி கேட்டு எழுதணும், இதை விட்டீங்கன்னா இது போன் வச்சிருக்கவங்க கடையா ஆயிரும். வீட்டுக்கு நூறு ரூவா முன்பணம், அது சுத்திட்டே இருக்கும், வேண்டாம்னு விலகுறவங்களுக்கு திருப்பிக் குடுத்துருவோம். சனிக்கிழமை விடியக்காலம் ரெண்டு பேரு மார்க்கெட்டுக்குப் போவாங்க. ஒரே ஆளை அனுப்பாதீங்க. நம்பிக்கை இல்லாம இல்ல, ஒருத்தர் விலை கேக்கும்போது இன்னொருத்தர் அடிப்பெட்டியை பாக்கணும், மேல செவப்பா அடுக்கி கீழ காயும் சொத்தையுமா வச்சிருப்பாங்க.

வண்டிக்கு தனியா வாடகை குடுத்தீங்கன்னா விலை ஏறிரும். ஊர்ல இருந்து தினம் டவுனுக்குப் போயிட்டு வெறுமனே திரும்புற வண்டி எதுன்னு தேடுங்க, எல்லா ஊர்லயும் ஒண்ணு இருக்கும். எங்களுக்கு பால் வண்டி. காலையில பால் கேனை இறக்கிட்டு வெறும் வண்டியா வந்துட்டு இருந்த குட்டியானை, இப்போ சனிக்கிழமை மட்டும் சாக்கோட வருது, கிலோவுக்கு ரெண்டு ரூவா அவருக்கு.

விலை போடுற கணக்கு, இதுலதான் நெறையப் பேரு கவுந்து போறாங்க. 14 கிலோ பெட்டி 280 ரூவாய்க்கு கிடைச்சதுன்னு வைங்க, கிலோ 20 ரூவான்னு நெனைப்பீங்க, அப்படி இல்ல. நசுங்குனது அழுகுனது ஒரு கிலோ போயிரும், விக்கிறது 13 கிலோதான், அப்போ 21 ரூவா 54 காசு. வண்டிக்கு 2, நிறுத்துக் குடுக்குறவங்க கூலிக்கு ஒண்ணரை, ஆக 25 ரூவா. கடையில அன்னைக்கு 35. இருந்தும் பத்து ரூவா மிச்சம். அந்த ஒண்ணரை ரூவாய யாரும் விட்டுக்குடுக்கச் சொல்லாதீங்க. சேவையா செய்யுறேன்னு வர்றவங்களுக்கு மூணாவது வாரம் தலைவலி வரும், நாலாவது வாரம் நாத்தனார் வீட்டு விசேசம் வரும்.

இன்னொண்ணு நாங்க லேட்டாத்தான் புரிஞ்சுகிட்டோம். ரொம்ப கஷ்டப்படுற வீடுக வாரத்துக்கு மொத்தமா வாங்க மாட்டாங்க, முடியாது, கையில அன்னன்னைக்கு இருக்கது இருவது முப்பது ரூவாதான். அவங்களுக்காக சனிக்கிழமை மிச்சத்தை கூறு போட்டோம். பத்து ரூவாய்க்கு ஒரு கூறு, ரெண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், நாலு வெண்டை, ஒரு கொத்து கருவேப்பிலை. ஒரு நேரக் கொழம்புக்கு அது போதும். புதன்கிழமை வரைக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு கூறு இருக்கும். உண்மையைச் சொல்லணும்னா இந்தக் கூறுதான் ஊரு சாப்பாட்டை மாத்துச்சு, கிலோ கணக்கு எங்க மாதிரி ஓரளவு வசதியானவங்களுக்குத்தான் ஒதவுச்சு.

உங்க டவுன்ல உழவர் சந்தை இருந்தா (1999-ல மதுரையில ஆரம்பிச்சது, இப்போ பல ஊர்ல இருக்கு) காலையில வாசல்ல எழுதிப்போடுற விலையை போட்டோ எடுத்து குரூப்ல போட்டுருங்க, அதுக்கு மேல நாம குடுக்கக்கூடாதுன்னு ஒரு அளவுகோல் ஆயிரும். ஒம்பது மணிக்கு மேல போனா மிச்சத்தை தள்ளிவிட்டுட்டு வீட்டுக்குப் போற அவசரத்துல விவசாயிகளே கொறைச்சுக் குடுப்பாங்க, கீரையும் சுரைக்காயும் அப்போதான் எடுக்கணும்.

பெட்டிக்கடை அண்ணாச்சியை பகைக்காதீங்க

சேந்து வாங்குறோம்னு ஆரம்பிச்ச ஒடனே ஊர்ல மொத எதிரி கடைக்காரரா இருப்பாரு. நாங்களும் அவரு கொள்ளை அடிக்காருன்னுதான் பேசிட்டு இருந்தோம். நோட்டைப் பாத்தா வேற கதை. நாப்பதுல இருவத்தாறு வீடு அவருகிட்ட கடன் வச்சிருக்கு. நூறு நாள் வேலைக் கூலி ரெண்டு மாசம் கழிச்சு வரும், அது வரைக்கும் அரிசி பருப்பு பால் பவுடரு யாரு குடுக்கா, அவருதான். கடன் வச்சிருக்க வீட்டுக்காரங்க அவரு கண்ணு முன்னாடி நம்மகிட்ட காசு குடுத்து தக்காளி வாங்குவாங்களா? வாங்க மாட்டாங்க. அப்போ யாருக்கு வேணும்னு ஆரம்பிச்சோமோ அவங்களுக்கே சேராது.

அதனால அவருகிட்ட நேராவே போயி பேசினோம். அவருக்கு காய்கறியில லாபமே இல்லையாம், பாதி அழுகிப்போகுது, அதை ஈடுகட்டத்தான் விலை கூட வைக்கேன்னாரு. சரி, உங்க காய்கறியையும் நாங்களே எடுத்துட்டு வாரோம், உங்க தாவாரத்துல வச்சு விக்கிறோம், கூறு நீங்களே வித்துக்கோங்க, கூறுக்கு ஒரு ரூவா உங்களுக்குன்னு பேசி முடிச்சோம். கடன் நோட்டு அவரோடது, நாங்க தொடுறது இல்ல. ஒரு வாரம் மொறச்சிட்டே நின்னாரு, பெறவு அவரே தராசு எடுத்துக் குடுத்தாரு.

எந்த இடத்துல வைக்கிறதுங்கிறது சின்னக் கேள்வி இல்ல, ஒங்களுக்கே தெரியும். ஒரு தெருவுக்குள்ள வச்சா இன்னொரு தெருக்காரங்க வர மாட்டாங்க, வர விட மாட்டாங்க. பஸ் ஸ்டாப், நூலகம், ரேஷன் கடைப் பக்கம்னு எல்லாரும் கால் வைக்கிற இடமா பாருங்க. எங்க அண்ணாச்சி கடை பஸ் ஸ்டாப்ல இருந்தது எங்க அதிர்ஷ்டம். பஞ்சாயத்து இடம் வேணும்னா கிராம சபையில தீர்மானமா போட்டு வாங்குங்க, வருசத்துக்கு ஆறு தடவை நடக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாயால சொன்ன அனுமதி அடுத்த தலைவர் வந்தா காத்துல போயிரும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில சின்ன வியாபாரத்துக்கான பதிவு போட்டுருங்க, கட்டணம் வருசத்துக்கு நூறு ரூவாதான், இ-சேவை மையத்துலயே முடிச்சிரலாம். தராசு முத்திரை போட்டதா இருக்கணும்.

ஃப்ரிட்ஜ் இல்லாம வச்சிக்கிறது

சனிக்கிழமை காய் புதன் வரைக்கும் நிக்கணும்னா, கரிசக்காட்டு வெயிலுக்கு ஒரு செங்கல் தொட்டி கட்டுங்க. நெழல்ல, காத்து வர்ற இடமா பாத்து, தரையில ஒரு வரிசை செங்கல் பரத்தி, அதுமேல சுத்தி ரெண்டு சுவரு, சிமெண்ட் வேண்டாம், சும்மா அடுக்குனா போதும். உள்சுவருக்கும் வெளிசுவருக்கும் நடுவுல ஒரு மூணு இஞ்சு இடைவெளி, அதுல ஆத்துமணலை ரொப்பி நல்லா நனைச்சிருங்க. உசரம் ரெண்டேகால் அடி போதும், அதுக்கு மேல குனிஞ்சு எடுக்க முடியாது. மூடுறதுக்கு தென்னங்கீத்து தட்டி, மேல ஈரச் சாக்கு. காலையும் சாயங்காலமும் மணலுக்கும் சாக்குக்கும் தண்ணி தெளிக்கணும். மண்பானையில தண்ணி எப்படி குளுந்து போகுதோ அதே வித்தைதான், தண்ணி காத்துல காயும்போது சூட்டை எடுத்துட்டுப் போயிரும்.

மாசியில இருந்து ஆவணி வரைக்கும் நல்லா வேலை செய்யும். உள்ள கைய விட்டா சில்லுன்னு இருக்கும். கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை எல்லாம் வாடாம கெடக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில பிரயோசனம் இல்ல, காத்தே ஈரமா இருக்கும்போது எங்க காயும். வெங்காயத்தையும் பூண்டையும் மட்டும் இதுக்குள்ள போட்டுறாதீங்க, மொளைச்சிரும், அதுக்கு காத்தாட ஒரு கயித்துக் கட்டிலே போதும். எங்களுக்கு செங்கல் காசு கிடையாது, இடிஞ்சு கெடந்த ஒரு பழைய வீட்டுக் கல்லு.

கீரை, முருங்கை, கோழி

மூணு மாசம் காய்கறி ஓடினதுக்கு அப்புறம்தான் தோட்டத்துக்கு வந்தோம், அதுவும் ஊரு பூராம் இல்ல, தண்ணி வசதி உள்ள அஞ்சு வீட்டுல மட்டும். வீட்டுக்குத் தேவையானது போக மிச்சத்தை சனிக்கிழமை தாவாரத்துக்கு கொண்டு வரணும்னு பேச்சு. விக்கிறதுக்கு இடம் இருந்ததாலதான் தோட்டம் நெலைச்சது.

மொதல்ல வேலி, பெறவுதான் விதை. வேலிக்கருவை முள்ளை நெருக்கமா நட்டு, உள்பக்கம் பழைய சேலையை இழுத்துக் கட்டுங்க, முள்ளு ஆட்டுக்கு, சேலை கோழிக்கு. சேலை இல்லன்னா கோழி சந்துல நொழைஞ்சு, மொளைக்கிறதுக்கு முன்னாடியே கிளறிரும். கீரை விதை பொடிசு, ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து தூவுனாத்தான் ஒரே இடத்துல கொட்டாது. எறும்பு இழுத்துட்டுப் போகும், பாத்தியைச் சுத்தி அரிசி நொய்யை தூவி விட்டா அது அதுல மினக்கெடும், நாலு நாள்ல நம்ம விதை மொளைச்சிரும். சிறுகீரை முளைக்கீரை 25 நாள்ல புடுங்கலாம், அரைக்கீரை அறுக்க அறுக்க வரும். ஒரே நாள்ல பூராத்தையும் விதைச்சிறாதீங்க, வாரத்துக்கு ஒரு பாத்தி. இல்லன்னா ஒரு வாரம் மாட்டுக்குப் போடுற அளவு, அடுத்த மூணு வாரம் ஒண்ணும் இருக்காது. சோப்புத் தண்ணியை கீரைக்கு விடாதீங்க, அது வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும்.

முருங்கை எல்லா வீட்டுலயும் வைக்கலாமேன்னு தோணும். எங்க ஊர்ல பாதி வீட்டுல வெட்டினதுக்கு காரணம் கம்பளிப்பூச்சி, மழைக்காலத்துல மரத்துல அப்பிக்கிட்டு இருக்கும், காத்துல மயிரு பறந்து வந்து ஒடம்பெல்லாம் தடிக்கும். வாசல்ல வைக்காம கொல்லை மூலையில வைங்க, வருசா வருசம் நெஞ்சு ஒசரத்துக்கு கவாத்து பண்ணுங்க. மரம் குட்டையா பொதரா இருந்தா கீரை கைக்கு எட்டும், பூச்சி வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். காய்க்கு வேணும்னா பெரியகுளத்துல உருவாக்குன பிகேஎம்-1 விதை போடுங்க, ஆறேழு மாசத்துல காய்க்கும்.

நாட்டுக்கோழி கணக்கு எளிசு. ஒரு கோழி வருசத்துக்கு அம்பது முட்டை சொச்சம்தான் போடும், அஞ்சு கோழி இருந்தா வாரத்துக்கு நாலஞ்சு முட்டை. அதை டவுனுக்காரன் பதினஞ்சு ரூவாய்க்கு கேக்கான்னு வித்துட்டு வீட்டுப் புள்ளைக்கு ஒண்ணும் குடுக்காம இருக்கதுதான் எங்க ஊரு வழக்கம். எங்க குழுவுல ஒரு ஏற்பாடு பண்ணோம், அதை வித்த காசுல ரெண்டு லேயர் முட்டை, அதான் பண்ணை முட்டை, வாங்கி புள்ளைக்கு குடுத்துருங்க, சத்துல பெருசா வித்தியாசம் இல்ல. நாட்டு முட்டைதான் ஒசத்தின்னு சொல்லுறவங்க சொல்லட்டும். வெள்ளைக்கழிச்சல் வந்தா ஒரே வாரத்துல கூடு காலி, தை கடைசியில மாசி தொடக்கத்துல கால்நடை மருந்தகத்துக்காரங்க ஊருக்கே வந்து தடுப்பூசி போடுவாங்க, ரெண்டு மாசத்துக்கு மேல உள்ள குஞ்சு எல்லாத்துக்கும் போட்டுருங்க. அன்னைக்கு காலையில கூட்டைத் திறக்காதீங்க, திறந்துட்டு பெறவு புடிக்க ஓடுறது ஒரு கண்காட்சி.

கம்பு

இது மனசுக்குப் புடிச்ச விசயம், ஆனா ரெண்டு தடவை தோத்தோம். மொத வருசம் எங்க அத்தை ஒருத்தங்க மட்டும் அரை ஏக்கர் கம்பு போட்டாங்க. சுத்தி எல்லாம் மக்காச்சோளம், நடுவுல ஒத்தக் கம்பங்காடு, அந்த வட்டாரத்துக் குருவி பூராம் அங்கதான். கதிரு பால் புடிச்சதுல இருந்து அறுக்குற வரைக்கும் தகரத்தை தட்டிட்டே நின்னாங்க, அப்படியும் வந்தது ஒரு மூட்டை கூட இல்ல. அடுத்த வருசம் பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரங்க ஆறு பேரு ஒரே வாரத்துல விதைச்சோம், குருவி தின்னது தின்னதுதான், ஆனா ஆறு காட்டுக்கும் பங்காகிப் போச்சு. கம்பு போடுறதா இருந்தா கூட்டமா போடுங்க, இல்லன்னா போடாதீங்க. மூணு மாசப் பயிரு, வேளாண்மை விரிவாக்க மையத்துல விதை கேளுங்க.

ரெண்டாவது தோத்தது மாவுல. அஞ்சு கிலோ அரைச்சு பாக்கெட் போட்டு வித்தோம், பத்து நாள்ல எல்லாரும் கசக்குன்னு திருப்பிக் கொண்டு வந்தாங்க. கம்புல எண்ணெய்ச்சத்து கூட, அரைச்சு வச்சா சீக்கிரம் காறிப்போகும். அதனால இப்போ தானியமாத்தான் விக்கிறோம், வீட்டுல வேணுங்கும்போது ஊறவச்சு மிக்ஸியில ரெண்டு சுத்து சுத்தி கூழோ சோறோ வச்சுக்கிறது. வாரம் மூணு நாள் அரைக்கிலோ வீதம் போட்டா ஒரு வீட்டுக்கு வருசத்துக்கு 78 கிலோ. வியாபாரி வண்டி வர்றதுக்கு முன்னாடி அந்த ஒரு மூட்டையை வீட்டுக்குள்ள தூக்கி வச்சிருங்க, வண்டி வந்து காசைக் காட்டினதுக்கு அப்புறம் முடியாது.

குதிரைவாலி, சாமை இதெல்லாம் இன்னும் நல்லது, ஆனா உமி நீக்குறது பெரும் பாடு, ஒரல்ல குத்த இப்போ யாருக்கும் தெம்பில்ல. மூணு மாசத்துக்கு ஒருக்க எல்லார் வீட்டு தானியத்தையும் சேத்து டவுன் மில்லுக்கு அனுப்புறோம். ரொம்ப வெள்ளையா தீட்டாதீங்கன்னு சொல்லி அனுப்பணும்.

மீனும் தீனியும்

வேம்பார் பக்கம் இருந்து டிவிஎஸ் 50-ல மீன் வரும். சீலாவும் பாறையும் கேக்காதீங்க, சாளை மீனும் காரப்பொடி மீனும் கேளுங்க, விலை கொறைவு, முள்ளோட வறுத்தா புள்ளைகளுக்கு சுண்ணாம்புச்சத்து. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், அப்போ விலை ஏறும், அந்த ரெண்டு மாசத்துக்கு நெத்திலிக் கருவாட்டை பங்குனியிலயே சேந்து வாங்கி வச்சிருங்க.

அஞ்சு ரூவா பாக்கெட் தீனியை ஒழிக்க முடியும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, நானே ரெண்டு தின்பேன். பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்கு ஒரு பாட்டி தட்டாம்பயறு சுண்டலை அதே அஞ்சு ரூவாய்க்கு பொட்டலம் போட்டு விக்காங்க. மொத வாரம் ஆறு பொட்டலம் போச்சு. மாங்காயை கீத்தி மேல போட்டதுல இருந்து நாப்பது போகுது.

சித்திரையில கெணத்துத் தண்ணி கீழ போயிரும், கீரை நின்னுரும், கம்பும் பாதி வீட்டுல தீந்துரும். அந்த மூணு மாசம் பட்டியல்ல சுரைக்காய், பூசணி, கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்குன்னு ரொம்ப நாள் நிக்கிற சாமானை கூட்டிக்கோங்க. இந்த வாரப் பட்டியல்ல கருணைக்கிழங்கு 11 கிலோ, அதுல நாலு கிலோ ஒரே வீடு. விசேசம் கிசேசம் இருக்கோன்னு பாத்தா அண்ணாச்சி வீடு, அவரு கடை தாவாரத்துக்கு அவரே முன்பணம் கட்டி பேரு எழுதிட்டுப் போயிருக்காரு.